புதிய கேமிங் துணைக்கருவியின் முதல் மாத விற்பனை: கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் கேமிங் பொருட்கள் விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு, ஒரு புதிய கன்ட்ரோலரோ ஹெட்செட்டோ சந்தைக்கு வந்ததும், அடுத்த முறை எத்தனை பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பது என்று யோசிக்க அதிக அவகாசம் கிடைப்பதில்லை. நிறுவனம் அறிவிக்கும் முதல் மாத எண்ணிக்கையையும், சரக்குக் கொண்டுவரும் விநியோகஸ்தரின் வாய்ச்சொல்லையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் உண்மையானவைதான். ஆனால் முதல் விற்பனை மக்களின் ஆவலை அளக்கிறதே தவிர, வாங்கியவர் ஆறு மாதம் கழித்தும் அக்கருவியைக் கையில் எடுக்கிறாரா என்பதை அளப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பிறக்கின்றன.

அவற்றில் மிகச் சாதாரணமானது, அனுப்பப்பட்ட சரக்கை விற்பனை என்று எண்ணிக்கொள்வது. சோனி நிறுவனம் 2010 செப்டம்பரில், கையில் பிடித்து அசைத்து ஆடும் பிளேஸ்டேஷன் மூவ் கருவியை வெளியிட்டு, நவம்பர் இறுதிக்குள் உலகெங்கும் 41 லட்சம் கருவிகளை அனுப்பிவிட்டதாக அறிவித்தது. அது கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த சரக்கின் கணக்கு. வீடுகளுக்குப் போனதன் கணக்கு அல்ல. விநியோகஸ்தர் பத்துப் பெட்டிகளைக் கடையில் இறக்கி பில் போட்டுவிட்டால், அவருடைய ஏட்டில் பத்தும் விற்றவைதான். அவற்றில் ஏழு பெட்டிகள் கண்ணாடி அலமாரியில் தூசி படிந்து நின்றாலும் அந்த ஏடு மாறாது. ஆகவே எந்த எண்ணைக் கேட்டாலும், அது கடைக்கு வந்ததா, வாடிக்கையாளர் பணம் கொடுத்து எடுத்துப் போனதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டிஎச்க்யூ என்ற கேம் வெளியீட்டு நிறுவனத்தின் கதியைவிடக் கசப்பான பாடம் இல்லை. திரையில் படம் வரைய உதவும் யூடிரா என்ற பலகையை அந்நிறுவனம் 2010 இறுதியில் நின்டென்டோவின் வீ கன்சோலுக்கு (கன்சோல் என்பது டிவியோடு இணைத்து கேம் ஆடும் பெட்டி) வெளியிட்டது. அது நன்றாக விற்றது. அந்த வெற்றியைப் பார்த்து, மறு ஆண்டே எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய கன்சோல்களுக்கும் பெருமளவில் தயாரித்தார்கள். வீ கன்சோல் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் அதிகம் இருந்தது. மற்ற இரண்டையும் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் படம் வரைவதற்காகக் கன்சோல் வாங்கியவர்கள் அல்லர். 14 லட்சம் பலகைகளுக்கு மேல் விலைபோகாமல் தேங்கின. 2012 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பார்த்தவர்கள், யார் வாங்கினார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

விற்பனை முழுக்க உண்மையாக இருந்தும் கணிப்பு தவறக்கூடும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் கினெக்ட் சாட்சி. உடல் அசைவைப் பார்த்தே கேமை இயக்கும் அந்த எக்ஸ்பாக்ஸ் கேமரா, 2010 நவம்பரில் வெளியாகி, முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்று, மிக வேகமாக விற்ற நுகர்வோர் மின்னணுச் சாதனம் என்று கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. அந்த நம்பிக்கையில் 2013 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுடன் கினெக்ட்டையும் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4 அப்போது 399 டாலர். ஏழே மாதத்தில் கினெக்ட் இல்லாத பெட்டியை 399 டாலருக்கு இறக்க நேர்ந்தது. 2017இல் தயாரிப்பே நின்றது. 2010இல் வந்த முதல் கினெக்ட்டுக்கு, ஆடுபவர் ஒருவர் என்றால் ஆறடி, இருவர் என்றால் எட்டடி தள்ளி நிற்கும்படி சொல்லியிருந்தார்கள். கட்டிலும் சோபாவும் பீரோவும் நெருக்கியடித்து நிற்கும் நம் ஊர்க் கூடங்களில் ஆடும்போதெல்லாம் சாமான்களை நகர்த்த யாருக்குப் பொறுமை இருக்கும்? அதைவிட முக்கியம், அந்தக் கருவி இல்லாமல் ஆடவே முடியாது என்று சொல்லத்தக்க நல்ல கேம்கள் தொடர்ந்து வரவில்லை. துணைக்கருவியுடன் வாங்கிய கேமுக்குப் பிறகு இரண்டாவதாக அதற்கென்றே ஒரு கேம் கேட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்பதே என் பார்வையில் மிக நம்பகமான அறிகுறி; அதை எந்தக் கடைக்காரரும் தன் பில் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

எண்ணின் அளவு மட்டும் கண்ணில் பட்டு, அது எதில் எத்தனை பங்கு என்பது மறைந்துபோவதும் உண்டு. கேமின் உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்ட, கண்களை மூடித் தலையில் அணியும் பிளேஸ்டேஷன் விஆர் ஹெட்செட் 2016 அக்டோபரில் வந்து, 2019 முடிவதற்குள் 50 லட்சத்தைத் தொட்டது. அப்போது பிளேஸ்டேஷன் 4 விற்பனை 10 கோடியைத் தாண்டியிருந்தது. அதாவது கன்சோல் வைத்திருந்த நூறு பேரில் ஐந்து பேரிடம்கூட ஹெட்செட் இல்லை. கேம் தயாரிப்பவர் அந்த ஐந்து பேரை நம்பித்தான் முதல் போட வேண்டும். அடுத்து 2023 பிப்ரவரியில் வந்த விஆர்2, முதல் ஆறு வாரங்களில் ஏறக்குறைய 6 லட்சம் விற்று முந்தையதைவிடச் சற்று முன்னேயே இருந்தது. ஆனாலும் 2025 மார்ச்சில் அதன் விலையை 550 டாலரிலிருந்து 400 டாலராகக் குறைக்க வேண்டியிருந்தது.

பருவத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். மூவ், கினெக்ட் இரண்டின் எண்களும் மேல்நாட்டு ஆண்டிறுதிப் பண்டிகை நாட்களையொட்டியவை. நம் கடைகளில் தீபாவளி போனஸ் வந்த வாரத்தின் விற்பனையும் அப்படித்தான். ‘ஸ்டாக் தீர்ந்துவிட்டது’ என்ற பலகையைப் பார்க்கும்போதும், வந்ததே மூன்றா முப்பதா என்று விசாரிக்காமல் மதிப்பிடக் கூடாது.

கேமிங் சென்டர் நடத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியான வாரத்தில் எழுதப்படும் பாராட்டுகளில், கருவி எத்தனை நாள் உழைக்கும் என்பது தெரியாது. பல கன்ட்ரோலர்களின் ஜாய்ஸ்டிக் உள்ளே உரசி உரசித் தேயும் பாகம் உள்ளதால், கை வைக்காமலே திரையில் ஆள் தானாக நகரும் ‘டிரிஃப்ட்’ கோளாறு பல மாதம் கழித்தே தலைகாட்டும். வாடகைக்கு நாள் முழுதும் ஓடும் இடத்தில் அது முன்னதாகவே வரும்.

எல்லாக் கருவியையும் விற்பனை எண்ணால் அளப்பதும் நியாயமில்லை. 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அடாப்டிவ் கன்ட்ரோலர், கை விரல்களை எளிதில் இயக்க முடியாதவர்களுக்காக, பெரிய பொத்தான்களுடனும் வேறு சுவிட்சுகளைச் செருகும் துளைகளுடனும் அமைந்தது. லட்சக்கணக்கில் விற்காததால் அதைத் தோல்வி என்பவர்கள், அதனால் முதன்முறையாகத் தன் அண்ணனோடு சேர்ந்து ஆட முடிந்த ஒரு பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இத்தகைய பொருளுக்கு ஒன்றோ இரண்டோ வாங்கி வைத்து, தேவைப்படும் குடும்பம் வரும்வரை காத்திருப்பதே சரியான ஆர்டர்.