வீட்டுச் சீரமைப்பு: கான்ட்ராக்டரை அமர்த்தும்போதும் அவரோடு தகராறு வந்தபோதும் தவிர்க்க வேண்டியவை

குளியலறையை இடித்துப் புதிதாக்க, மொட்டை மாடி ஒழுகலை நிறுத்த, சமையலறைக்கு அலமாரி அடிக்க என்று ஒருவரை அமர்த்தும்போது விவரமானவர்கள் தவறாமல் கேட்பது, “லைசென்ஸ் இருக்கிறதா?” என்பது. “இருக்கிறது சார்” என்ற பதிலும் தவறாமல் வரும். கேட்டவர் நிம்மதியாகிவிடுவார். ஆனால் தமிழ்நாட்டில் தனியார் வீடுகளைச் சீரமைத்துத் தரும் பொதுவான ஒப்பந்ததாரருக்கு, அவருடைய திறமையைச் சோதித்து வழங்கப்படும் அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. நாளைக்கே யார் வேண்டுமானாலும் ‘பில்டர்ஸ் அண்ட் இன்டீரியர்ஸ்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் அவர் கைப்பேசியில் காட்டும் சான்றிதழ் என்ன? பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஜிஎஸ்டி பதிவு என்றால், அது வரி கட்டுவதற்கான எண். உத்யம் பதிவு என்றால், தன் தொழிலைப் பற்றித் தானே விவரம் கொடுத்து இலவசமாகப் பெறும் சிறுதொழில் பதிவு. பொதுப்பணித் துறையின் ‘கிளாஸ்’ ஒப்பந்ததாரர் பதிவு என்றால், அரசு டெண்டரில் கலந்துகொள்ளும் தகுதி. இவற்றில் எதுவும், அவர் போடும் டைல்ஸ் தூக்கிக்கொண்டு வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதற்காக இவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் இட்டுப் பார்த்தால் தொழிலின் சட்டப்பூர்வமான பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். பின்னாளில் நோட்டீஸ் அனுப்பவும் வழக்குப் போடவும் இந்தப் பெயர்தான் வேண்டும். ‘குமார் மேஸ்திரி’ என்று கைப்பேசியில் சேமித்து வைத்த பெயரை எதிர்த்து வழக்குப் போட முடியாது. “பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம்” என்ற பேச்சுக்கு மயங்குகிறவர்கள் இழப்பதும் இந்தப் பிடியைத்தான். பில் இல்லாத வேலை, வழக்கென்று வரும்போது நடக்காத வேலை போல ஆகிவிடக்கூடும்.

உரிமம் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை. மின்சார வேலையைச் சொல்கிறேன். பல்பு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர, ஒயரிங்கைக் கூட்டுவது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றையும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களை வழங்குவதற்குத் தனியே ஒரு வாரியம் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? இன்டீரியர் வேலையை எடுத்தவர் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவார்; அவர் சுவரை வெட்டி ஒயரை ஓட்டிவிட்டுப் போவார். ஏசி, கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் ஏறியிருப்பது தெரியவரும்போது அந்தத் தம்பியின் எண் அணைந்திருக்கும். மின்வேலை மட்டும் யார் பொறுப்பு, அவருடைய உரிம எண் என்ன, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, சுவரை எடுப்பது, மாடியில் அறை எழுப்புவது போன்ற வேலைகள். “பர்மிஷன் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் கான்ட்ராக்டரின் பேச்சை நம்பித் தொடங்கக் கூடாது. அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் வருவது வீட்டின் உரிமையாளருக்கு. கான்ட்ராக்டர் அப்போது வேறு தெருவில் வேறு வீட்டை இடித்துக்கொண்டிருப்பார். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், எந்தச் சுவர் பாரம் தாங்குவது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் சுத்தியலை எடுக்க விடவே கூடாது.

‘எல்லாம் சேர்த்து மூன்று லட்சம்’

பின்னாளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாதிக்கு விதை இந்த ஒரு வரியில் இருக்கிறது. ‘எல்லாம்’ என்றால் எவை என்று இருவர் மனத்திலும் இரண்டு பட்டியல்கள் ஓடுகின்றன. இடிபாட்டை அள்ளிப் போடும் வண்டி வாடகை யாருடையது? பழைய குழாயை மாற்றுவது இதில் அடங்குமா? ‘நல்ல பிளைவுட்’ என்று எழுதினால் எந்தப் பலகையும் நல்ல பலகைதான். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டா, பொதுப் பயன்பாட்டுக்கான ஐஎஸ் 303 வகையா, எத்தனை மில்லிமீட்டர், எந்த நிறுவனம் என்று எழுதினால்தான் பலகை வந்து இறங்கும்போது திருப்பி அனுப்ப முடியும்.

அளவெடுக்கும் முறையையும் எழுத வேண்டும். இதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பூச்சு வேலையிலும் பெயின்ட் வேலையிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறோம். கதவு ஜன்னல் இடத்தைக் கழிப்பதா வேண்டாமா என்று பேசுவதில்லை. வேலை முடிந்ததும் மேஸ்திரி டேப்பைப் பிடித்துக் கணக்குச் சொல்லும்போது, வீட்டுக்காரருக்குத் தான் ஏமாற்றப்படுவதாகத் தோன்றும். இந்திய அளவீட்டுத் தரமான ஐஎஸ் 1200-இன்படியே கூட, அரைச் சதுர மீட்டருக்குட்பட்ட திறப்புகளைப் பூச்சுக் கணக்கில் கழிப்பதில்லை. ஆக, முழுதாகக் கழிக்கவில்லை என்பதாலேயே அவர் திருடர் ஆகிவிடமாட்டார். எந்த முறை என்பதை முன்பே பேசிக்கொள்ளாததுதான் கோளாறு. அலமாரிக்கும் இப்படித்தான்: முன்பக்கப் பரப்பை மட்டும் அளப்பதா, உள்தட்டுகளும் கணக்கா?

பொருள் யார் வாங்குவது என்பது அடுத்த குழி. கூலி மட்டும் பேசி, சிமென்டும் மணலும் நாமே வாங்கிக் கொடுத்தால், விரிசல் விட்டவுடன் “மணல் சரியில்லை சார்” என்பார். நாம் மேஸ்திரியின் கலவையைச் சொல்லுவோம். பொருளும் கூலியும் ஒருவர் பொறுப்பிலேயே இருப்பது கொஞ்சம் செலவு கூடினாலும், குறை வந்தால் பொறுப்பு யாருக்கு என்ற வாதத்தையே இல்லாமல் செய்துவிடும். ஒழுகல் வேலையானால் இதை மீறவே கூடாது. தண்ணீர் ஓட வாட்டம் எவ்வளவு, எந்த ரசாயனம், எத்தனை கோட் என்பதோடு, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இதையெல்லாம் முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லுமா என்று தயங்கி, எழுதாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முத்திரைத்தாள் நல்லதுதான். ஆனால் அது இல்லை என்பதற்காக ஒப்பந்தம் இல்லை என்று ஆகிவிடாது. அவர் அனுப்பிய விலைப்பட்டியலும், நீங்கள் ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் பதிலும், வங்கி வழியே போன முன்பணமும் சேர்ந்தாலே ஒப்பந்தத்தின் கதை தெளிவாகிவிடும். செய்திகள் தாமாக அழியும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். தொலைபேசியில் பேசி முடிவானதை, “இன்று பேசியபடி...” என்று தொடங்கி அன்றே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவர் மறுக்காவிட்டால் அதுவும் ஒரு பதிவு.

சனிக்கிழமை மாலை

கட்டட வேலையில் சனிக்கிழமை சம்பள நாள். மாலையில் கான்ட்ராக்டர் வந்து, “ஆளுக்குக் கூலி போட வேண்டும், ஒரு இருபதாயிரம் கொடுங்கள்” என்பார். வாசலில் நிற்கும் சித்தாள்களைப் பார்த்தால் மறுக்க மனம் வராது. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனால் பாதி வேலைக்கு முக்கால் பணம் போயிருக்கும். அதற்குப் பிறகு அவருக்கு உங்கள் வீட்டைவிட அடுத்த வீட்டின் முன்பணம்தான் முக்கியமாகத் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் இன்னும் திரும்பவில்லை என்ற பதில் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆட்களின் கூலியைக் கொடுக்க அவரிடம் கைமுதல் இல்லையென்றால் அது அவருடைய தொழில் பிரச்சினை. தவணைகளை நாளோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள்: இடித்து அள்ளியதும் இவ்வளவு, குழாய் பதித்துச் சோதித்ததும் இவ்வளவு, டைல்ஸ் முடிந்ததும் இவ்வளவு. பத்து சதவீதத்தையாவது, எல்லாம் முடிந்து சில வாரம் புழங்கிப் பார்க்கும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் எழுதினால் அது நிபந்தனை. கடைசியில் திடீரென்று நிறுத்தினால் அது அவருக்குச் செய்யும் அநியாயமாகத் தெரியும். சில சமயம் உண்மையிலேயே அநியாயமாகவும் இருக்கும்.

தகராறு வந்த பிறகு

டைல்ஸ் எழும்பிவிட்டது, கூரையில் மீண்டும் ஈரம், ஆள் போனை எடுப்பதில்லை. கோபத்தில் வேறொருவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டு, பிறகு பழைய ஆளிடம் பணம் கேட்கிறவர்கள்தான் அதிகம். வேலையைச் சரியாகச் செய்யாதவரிடம் நியாயம் கேட்பதற்கு இருந்த ஒரே சாட்சி அப்போது இடிபாட்டோடு வண்டியேறிப் போயிருக்கும். பெயர்ப்பதற்கு முன் தேதியோடு படமும் வீடியோவும் எடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு சிவில் பொறியாளரை அழைத்து வந்து, என்ன குறை, எதனால் வந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கையொப்பத்தோடு அறிக்கை வாங்குங்கள். இதற்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவு என்று நினைக்காதீர்கள். “வேலை மோசம்” என்று நாம் சொல்வதற்கும், வாட்டம் எதிர்த்திசையில் இருக்கிறது என்று பொறியாளர் எழுதுவதற்கும் நுகர்வோர் ஆணையத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

பிறகு எழுத்தில் நோட்டீஸ். குறைகளை எண்ணிட்டு எழுதி, சரிசெய்ய இரண்டு வாரம் போல அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வந்து சரிசெய்கிறேன் என்றால் கதவைத் திறந்துவிடுங்கள். “உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்” என்று துரத்திவிட்டால், சரிசெய்ய வாய்ப்பே தரவில்லை என்று நாளை அவர் சொல்வதற்கு நாமே வசனம் எழுதிக் கொடுத்ததாகும். அவருடைய டிரில் இயந்திரத்தையும் சாரக் கம்பையும் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் மோசம். புகார்தாரர் எதிர்த்தரப்பாக மாறும் இடம் அது.

காவல் நிலையத்துக்கு ஓடுவதிலும் பெரிய பயன் இருக்காது. வேலையை அரைகுறையாக விட்டது ஒப்பந்த மீறல். அது மோசடிக் குற்றமாவதற்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பத்து வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டிலும் கால் வைக்காதவர் வேறு. அவரைப் பற்றிக் காவல் துறையில்தான் சொல்ல வேண்டும். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஆணையத்தின் கதவைத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விற்பனையோ புது ஒதுக்கீடோ இல்லாத பழுதுபார்ப்பும் சீரமைப்பும் அந்தச் சட்டத்துக்கு வெளியே என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது.

சரியான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல், லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் தெளிவாக்கியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ‘சேவை’யின் விளக்கத்தில் வீடு கட்டுமானம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். பெயர் போன நிறுவனங்கள் அதற்கு அசைந்து கொடுக்கும். தனி மேஸ்திரிகளிடம் அதன் செல்வாக்கு குறைவு என்பது என் எண்ணம்.

இரண்டு விஷயங்களில் வழக்குகள் வழுக்கி விழுகின்றன. ஒன்று காலக்கெடு: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. “அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாலும் கெடு நின்றுவிடாது. மற்றொன்று, கேட்கும் தொகை. 40,000 ரூபாய் ஒழுகலுக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் நஷ்டஈடு கேட்கும் மனு, உண்மையான 40,000-ஐயும் சந்தேகத்துக்குள்ளாக்கும். பொறியாளரின் மதிப்பீடு, திரும்பக் கேட்கும் பணம், வேறு வாடகை கொடுத்திருந்தால் அதன் ரசீது என்று கணக்கு நேராக இருக்கட்டும்.

சாதகமாக உத்தரவு வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. வராது. நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றித் தரும்படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்கீழ் அதே ஆணையத்தில் மனுப் போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இந்தக் கட்டத்தில் அவருடைய சரியான முகவரியும் வங்கிக் கணக்கு விவரமும் தேவைப்படும். முன்பணத்தைக் கணக்கு வழியே அனுப்பியிருந்தால், பின்னதைத் தேடிப் பிடிக்க உங்கள் வங்கிப் பதிவுகளே உதவும்.