மருந்தடிப்பும் குருத்தணுச் சோதனையும்: ஆய்வுக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், செம்பனைக்கு மருந்தடித்த அம்மாக்களின் பிள்ளைகளாக வளர்ந்து பல்கலைக்கழக ஆய்வுக்கூடம்வரை சென்றவர்கள், அந்த மருந்து உடலை என்ன செய்கிறது என்பதை எலியிடம் கேட்காமல் பல வகை உயிரணுக்களாக வளரக்கூடிய, ஸ்டெம் செல் எனும் மனிதக் குருத்தணுவிடமே கேட்க விரும்புவது இயல்பு. 2007இல் ஜப்பானிய அறிவியலாளர் யமனாக்காவின் குழுவினர் மனிதத் தோலின் உயிரணுவையே குருத்தணுவாக மாற்றிக் காட்டிய பின் அது எட்டாக்கனியும் அன்று.

முதல் தவறு, எந்த உயிரணுவிடம் கேட்கிறோம் என்று யோசிக்காதது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட களைக்கொல்லியான பாராகுவாட், உடலில் இயல்பாகவே உள்ள பாலிஅமைன் எனும் சிறு மூலக்கூறுகளை உள்ளிழுக்கும் வாயில் வழியாக நுரையீரல் சிற்றறைகளின் உயிரணுக்களில் புகுந்து சேர்கிறது. நுரையீரல் உயிரணுவாக வளர்த்தெடுக்காத குருத்தணுவில் அதைச் சோதித்து, கிடைத்த அளவீட்டை நுரையீரலுக்குப் பொருத்துவது பிழை.

வளர்த்தெடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. கொசுப் புகையடிப்பில் பயன்பட்ட மாலத்தியானை, கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகளே மாலாக்ஸான் என்னும் கடுமையான நஞ்சாக மாற்றுகின்றன. குருத்தணுவிலிருந்து வரும் கல்லீரல் உயிரணுவோ பெரும்பாலும் கருவின் நிலையிலேயே நின்று, அந்த நொதிகளைக் குறைவாகவே கொண்டிருக்கும். மேலும் மாலாக்ஸான் முடக்குவது நரம்புகளுக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை. ஆகவே செத்த உயிரணுக்களை மட்டும் எண்ணிவிட்டு 'தீங்கில்லை' என்று எழுதுவது, வீடு இடியவில்லை என்பதால் திருட்டே நடக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது.

அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு. நெடுநாள் வளர்ப்பில் சில குருத்தணுக்களின் 20ஆம் குரோமோசோமில் நீள்கரத்தின் ஒரு சிறு பகுதி மிகைப்படும். உயிரணுச் சாவைத் தடுக்கும் மரபணு ஒன்று அங்கே இருப்பதால், அவை நஞ்சைத் தாங்கிப் பிழைத்து, வளர்ப்புத் தட்டு முழுவதையும் நிரப்பிவிடும். குரோமோசோம்களை அவ்வப்போது சரிபார்க்காதவர் அளப்பது மருந்தின் வலிமையை அன்று, தம் உயிரணுக்களின் பிடிவாதத்தையே.

உயிரணு வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா எனும் நுண்ணுயிரியின் தொற்றைச் சோதிக்காமலும், கரைப்பானான டிஎம்எஸ்ஓவை மட்டும் இட்ட ஒப்பீட்டுக் குழி ஒன்று வளர்ப்புத் தட்டில் இல்லாமலும் தொடங்கவே கூடாது. ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகா. களைக்கொல்லி விற்கப்படும் கலவையில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சேர்மங்களும் இருப்பதால், தூய மூலப்பொருளை மட்டும் சோதித்துவிட்டுக் கலவையைப் பற்றிப் பேசலாகாது.

அளவு கடைசியாக. தெளிப்பானில் கலக்கும் செறிவை அப்படியே தட்டில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். தோல்வழியே சிறுகச் சிறுக மாதக்கணக்கில் ஏறுவதை 48 மணி நேரத்தில் அப்படிப் பார்க்க இயலாது. தொழிலாளரின் இரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கப்பட்ட செறிவிலிருந்தே அளவைத் தேர்ந்து, பல நாட்களுக்கு மீண்டும் மீண்டும் இட வேண்டும்.