பினாங்கில் கூரைச் சூரிய மின்சாரம்: பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

சூரியத் தகடு வாங்க நினைப்பவர்கள் எத்தனை தகடு, எத்தனை ரிங்கிட் என்றே முதலில் விசாரிக்கின்றனர். ஆனால் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை தங்கள் வீடு எத்தனை யூனிட் எடுக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும். வேலை நாள் ஒன்றிலும் எல்லாரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் மீட்டர் அளவைக் காலையிலும் மாலையிலும் குறித்து வையுங்கள். நம் வானிலையில் 1 கிலோவாட் தகடு மாதத்திற்குச் சுமார் 100 யூனிட் தரும் என்று கொண்டு, அந்தக் குறிப்பை வைத்தே அளவை முடிவு செய்யலாம்.

பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைதான் வடக்கே இருப்பதால், தகடு தெற்கு நோக்கியே இருக்க வேண்டும் என்ற வெளிநாட்டு அறிவுரை இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய வரிசை வீட்டுக் கூரையும் நன்றாகவே பயன்படும். சாய்வு மட்டும் 10 பாகைக்குக் குறையாமல் இருந்தால், மழையே தூசியைக் கழுவிவிடும்.

நிழலில்தான் மிகுந்த கவனம் தேவை. ஒரே தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டின் நிழலோ விழுந்தாலும், தொடர் முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். மேலும், நண்பகல் சூரியன் ஜூனில் வடக்கேயும் டிசம்பரில் தெற்கேயும் சாய்வதால், இன்று வெயில் படும் இடம் ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு மாடியின் நிழலில் இருக்கலாம். நிழலைத் தவிர்க்கவே முடியாத கூரைக்கு, ஒவ்வொரு தகட்டுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டில் பயன்படும் மின்சாரமாக மாற்றும் சிறு கருவி) பொருத்துவது கூடுதல் செலவானாலும் தகும் என்பது என் கருத்து.

வெப்பமும் உற்பத்தியைக் குறைக்கும். தகட்டின் திறன் 25 பாகை செல்சியஸில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும். ஆகவே தகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்றோட்டம் இருக்கட்டும். இன்வெர்ட்டரையும் நேர் வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். தஞ்சோங் பூங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இரும்பை அரிப்பதால், அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இடி மிகுந்த ஊர் இது என்பதால், மின்னெழுச்சித் தடுப்பானும் அதில் இடம்பெற வேண்டும்.

தகடுகள் 25 ஆண்டு வரை உழைக்கக்கூடியவை என்பதால், ஒழுகும் கூரையை முதலில் சீர்செய்துவிடுங்கள். பழைய வீட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால், அதில் துளையிடவே விடாதீர்கள்.

வேலையை சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனத்திடமே ஒப்படையுங்கள். மிகுதி மின்சாரத்திற்கு ஈடு தரும் விதிகள் திட்டத்திற்குத் திட்டம் மாறுகின்றன. மிகுதி மின்சாரத்தை மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ள விட்ட நெம் 3.0 திட்டம் 2025-இல் முடிந்துவிட்டதால், அதன் கணக்கைக் காட்டி யாரேனும் லாபம் சொன்னால் ஏற்காதீர்கள். மின்தடையின்போது பேட்டரி இல்லாத அமைப்பு, பழுதுபார்க்கும் ஊழியர்களின் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் என்பதையும் விற்பனையாளர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இயங்கத் தொடங்கியதும், துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் முற்பகலுக்கு மாற்றுங்கள். முதல் மாதம் இன்வெர்ட்டர் செயலியில் அன்றாட உற்பத்தியைப் பாருங்கள். நல்ல வெயில் நாளில் ஒரு தொடர் மட்டும் மற்றதைவிடக் குறைவாகக் காட்டினால், உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே பொருத்தியவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.