ஷ்ரில் வேறு, லவுட் வேறு

பாட்டுப் போட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, முதல் பரிசு வாங்கிய தன் தோழியை மனதாரப் பாராட்டி, அவளுடைய 'ஷ்ரில் வாய்ஸ்' அரங்கம் முழுக்க நிறைந்தது என்று எழுதியிருந்தாள். உச்சஸ்தாயியில் பாடினாளே, சரிதானே என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் பழகியவர் அந்த வரியைப் படித்தால், அந்தப் பெண் கீச்சுக்குரலில் கத்தி எல்லோர் காதையும் நோகடித்தாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இந்தச் சொல்லில் நம்மவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். ஷ்ரில் என்றால் சத்தம் அதிகம் என்று பொருள் இல்லை, அதற்கு லவுட் இருக்கிறது. ஷ்ரில் என்பது சுருதி உயர்ந்து, கூராக, காதில் ஊசி இறங்குவதுபோல் வரும் ஒலி. தெருவில் போகும் லாரியின் ஹாரனையும் பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும் நினைத்துப் பாருங்கள். லாரி ஹாரன் நெஞ்சையே அதிர வைக்கும், ஆனால் அது தடித்த சத்தம், அதை ஷ்ரில் என்று சொல்ல மாட்டார்கள். குக்கர் விசில் அந்த அளவு பலமில்லை, இருந்தாலும் இரண்டு சுவர் தாண்டி வந்து தூங்குகிறவரை எழுப்பிவிடும், அதுதான் ஷ்ரில். மனிதக் காது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது, அதனால் அந்த வரம்பில் விழும் ஒலி கொஞ்சமாக இருந்தாலும் நமக்கு உறைக்கிறது. நாதஸ்வரத்தை ஷ்ரில் என்று எழுதினால், அது பலமாக ஒலித்தது என்று ஆகாது, கேட்கச் சகிக்கவில்லை என்று ஆகிவிடும்.

அடுத்தது, சொல்லின் பிறப்பு. காதைத் துளைக்கும் ஒலி என்பதால் இந்தச் சொல்லே 'துளை' என்ற பொருளிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. நம் கிறீச், வீல் போல இதுவும் ஒலிக்குறிப்பாகப் பிறந்த சொல் என்றே கருதுகிறார்கள். நடுக்கால ஆங்கிலத்திலேயே இருக்கிறது, ஜெர்மனிலும் இதே பொருளில் ஷ்ரில் உண்டு. உண்மையில் துளையிலிருந்து வந்தது த்ரில்! ஆமாம், சினிமா பார்த்து வருகிற அதே த்ரில்தான். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குத் துளைத்தல் என்று பொருள், உணர்ச்சி நெஞ்சைத் துளைப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. மூக்குத் துவாரத்தைச் சொல்லும் நாஸ்ட்ரிலின் பின்பாதியும் அந்தக் குடும்பம்தான், மூக்கு என்பதோடு துளை சேர்ந்தால் நாஸ்ட்ரில். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இரண்டு சொல்லையும் நான் குழப்பிக்கொண்டதில்லை.

பழைய இலக்கியத்தைப் பார்த்து எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, போர் வாழ்க்கைக்கு விடை சொல்லும்போது எக்காளத்தை ஷ்ரில் என்றுதான் சொல்கிறான், அதில் வெறுப்பு துளியும் இல்லை, ஏக்கம்தான் இருக்கிறது. அங்கே அது அழகாக நிற்கிறது. இன்றைய உரைநடையில் அதே சொல்லை மனிதக் குரலுக்கு வைத்தால் பெரும்பாலும் குறையாகத்தான் படும்.

மனிதக் குரல் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. ஷ்ரில் இப்போது குரலைத் தாண்டி, ஒருவர் வாதத்தையும் குறிக்கிறது: நிதானமில்லாமல் ஓயாமல் கூச்சலிடுவது என்ற பொருளில். அந்த முத்திரை பெரும்பாலும் பெண்கள் மேல்தான் விழுகிறது. ஆண் குரலை உயர்த்தினால் ஆவேசம், பெண் உயர்த்தினால் ஷ்ரில். மார்கரெட் தாட்சர் 1979இல் பிரிட்டன் பிரதமராவதற்கு முன்பே, குரலின் சுருதியைத் தாழ்த்தப் பயிற்சி எடுத்துக்கொண்டார். 2016 அமெரிக்கத் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனையும் இதே சொல்லால் விமர்சித்தார்கள். ஆகவே ஒரு பெண்ணின் பேச்சைப் பற்றி எழுதும்போது, அவர் சொன்னதை மறுக்கிறோமா, குரலைப் பழிக்கிறோமா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இந்தச் சொல்லைத் தொடுங்கள்.

அப்புறம் உச்சரிப்பு. 'ஸ்ரில்' இல்லை, 'சிரில்' இல்லை. ஷ-வுக்கும் ர-வுக்கும் நடுவே உயிரெழுத்து எதுவும் நுழையாமல் ஷ்ரில்.

அந்த மாணவியிடம் ஷ்ரிலை எடுத்துவிட்டு கிளியர் என்று போடச் சொன்னேன். உச்சஸ்தாயியையும் சொல்லியாக வேண்டும் என்று அடம்பிடித்தாள், சரி என்று ஹை என்பதையும் சேர்த்துக்கொண்டோம். 'ஹை, கிளியர் வாய்ஸ்'. தோழிக்கு அதைப் படித்துக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போனாள்.