கண்டெய்னர்களுக்குப் பொது ஃபோல்டர்: யார் எழுதுவது, யார் படிப்பது

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஒரே சர்வர், அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரைப் பல தனி சிஸ்டங்களாகப் பிரித்து நடத்தும் மென்பொருள்), உள்ளே மூன்று எல்எக்ஸ்சி கண்டெய்னர்கள் (ஒரே லினக்ஸ் கெர்னலைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடும் சிறு சிஸ்டங்கள்). விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வரையும் டிசைன்களை வாங்கி வைக்க சாம்பா, அதாவது விண்டோஸோடு ஃபைல் பகிரும் மென்பொருள். பில் போடும்போது டிசைன் படத்தைக் காட்ட பில்லிங். ராத்திரி நகல் எடுக்க பேக்கப். மூன்றுக்கும் ஒரே டிசைன் ஃபோல்டர் தெரிய வேண்டும்.

கட்டளை எதையும் தட்டுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, இதில் எழுதப்போவது யார் என்பதை. இங்கே சாம்பா மட்டும்தான். மற்ற இரண்டும் படித்தால் போதும். எழுதும் கண்டெய்னர் ஒன்றே ஒன்று என்றால், ஏதாவது அழிந்துபோனால் எந்த லாகைப் பார்ப்பது என்பதில் குழப்பமே வராது.

அடுத்தது எண் கணக்கு. பெர்மிஷன் தகராறில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு யூசர், குரூப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அன்பிரிவிலேஜ்ட் கண்டெய்னரில் (உள்ளே ரூட்டுக்கு, அதாவது தலைமை யூசருக்கு, இருக்கும் அதிகாரம் வெளியே செல்லாத வகை) உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணோடும் ஹோஸ்டில், அதாவது கண்டெய்னர்களைத் தாங்கும் சர்வரில், 1,00,000 கூடும். உள்ளே ரூட் 0 என்றால் வெளியே 100000. உள்ளே 1000 என்றால் வெளியே 101000. ஒரு கண்டெய்னருக்கு இப்படி 65,536 எண்கள் கிடைக்கும். அந்த எல்லைக்கு வெளியே உள்ள எண் எதுவானாலும் உள்ளிருந்து பார்த்தால் 65534, அதாவது 'நோபடி'. ஹோஸ்டில் ரூட்டாக உருவாக்கிய ஃபோல்டரை அப்படியே உள்ளே கொடுத்தால் அதன் சொந்தக்காரர் நோபடி ஆகிவிடுவார்; கண்டெய்னரின் ரூட்டே எழுத முயன்றாலும் 'பெர்மிஷன் டினைடு' வரும். உள்ளே இருந்துகொண்டு சொந்தக்காரரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் பலனில்லை. மாற்ற வேண்டியது ஹோஸ்டில்.

ஆகவே மூன்று கண்டெய்னர்களிலும் 'டிசைன்' என்று ஒரு குரூப்பை ஒரே எண்ணில், 2000 என்று, உருவாக்குங்கள். சாம்பாவில் எழுதும் யூசரையும் (உள்ளே அவர் எண் 1000 என்று வைத்துக்கொள்வோம்), பில்லிங்கில் வெப் சர்வர் ஓடும் யூசரையும் அதில் சேருங்கள். சேர்த்ததும் அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் புதிய குரூப்பைத் தானாக எடுத்துக்கொள்ளாது. ஹோஸ்டில் டிசைன் ஃபோல்டரின் சொந்தக்காரரை 101000 என்றும், குரூப்பை 102000 என்றும் மாற்றி, பெர்மிஷனுக்கு சிஎச்மாட் 2770 கொடுங்கள் (சொந்தக்காரருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை). முன்னால் நிற்கும் அந்த 2தான் செட்ஜிஐடி. இந்த ஃபோல்டரின் உள்ளே புதிதாக உருவாகும் ஃபைல் எல்லாம் டிசைன் குரூப்பிலேயே பிறக்கும்.

பிறகு மவுண்ட்: ஹோஸ்டின் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள்ளும் தெரியவைப்பது, பைண்ட் மவுண்ட் என்பார்கள். ப்ராக்ஸ்மாக்ஸின் வெப் பக்கத்தில் பைண்ட் மவுண்ட் சேர்க்க வழியில்லை. ஹோஸ்டில் ரூட்டாக நுழைந்து பிசிடி செட் கட்டளையில், அல்லது கண்டெய்னரின் கான்ஃபிக் ஃபைலில், எம்பி0 வரியாகச் சேர்க்க வேண்டும்: முதலில் ஹோஸ்ட் பாதை, காற்புள்ளி, பிறகு 'எம்பி=' என்று உள்ளே தெரிய வேண்டிய பாதை. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். பில்லிங்குக்கும் பேக்கப்புக்கும் அதே வரியின் கடைசியில் காற்புள்ளி போட்டு 'ஆர்ஓ=1' (ரீட்-ஒன்லி, படிக்க மட்டும்) சேருங்கள். குரூப் பெர்மிஷன் எழுத அனுமதித்தாலும் இந்த மவுண்ட் அனுமதிக்காது. பில்லிங் மென்பொருளில் ஓட்டை விழுந்து யாராவது உள்ளே வந்தாலும் டிசைன்களை அழிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

சோதிக்க எல்எஸ் கட்டளையை 'மைனஸ் எல்என்' என்று கொடுங்கள். பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும். சாம்பாவில் ஒரு ஃபைலை உருவாக்கினால் உள்ளே 1000, 2000 என்றும், ஹோஸ்டில் 101000, 102000 என்றும் தெரிய வேண்டும். பில்லிங்கில் காலி ஃபைல் உருவாக்கும் டச் கட்டளையைக் கொடுத்தால் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று திட்ட வேண்டும். திட்டவில்லை என்றால் ஆர்ஓ ஏறவில்லை.

எழுதும் யூசர்கள் இரண்டு பேரானதும் அடுத்த புகார் வரும்: "அவர் போட்ட ஃபைலை என்னால் திருத்த முடியவில்லை." குரூப் சரியாக இருக்கும், ஆனால் யூமாஸ்க் (புதிய ஃபைலில் எந்த உரிமைகளை எடுத்துவிடுவது என்ற எண்) 022 என்பதால் குரூப்புக்குப் படிக்கும் உரிமை மட்டும். 002 ஆக்க வேண்டும். ஷெல்லில் மாற்றினால், சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நடத்துவது) நடத்தும் சர்வீஸுக்கு அது போய்ச் சேராது. சர்வீஸ் ஃபைலில் தனியாக யூமாஸ்க் வரி வேண்டும். சாம்பாவில் ஃபோர்ஸ் குரூப்பை டிசைன் என்றும், கிரியேட் மாஸ்கை 0660 என்றும், டைரக்டரி மாஸ்கை 2770 என்றும் வைத்தால் போதும்.

இந்த இடத்தில் 777 போட்டு முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அதனால் சிக்கல் தீராது. 777 அந்த ஃபோல்டருக்குத்தான். நாளைக்கு அதில் பிறக்கும் ஃபைல் யூமாஸ்க் சொல்கிறபடி 644 ஆகத்தான் (குரூப்புக்குப் படிக்க மட்டும்) வரும். இன்று ஓடும், நாளை மறுபடி அதே புகார்.

இன்னொரு வம்பு, ஃபைலை நகர்த்தும் எம்வி கட்டளை. வீட்டு ஃபோல்டரிலிருந்து பொது ஃபோல்டருக்கு எம்வி கொடுத்தால் ஃபைல் தன் பழைய குரூப்போடும் பழைய பெர்மிஷனோடும் வந்து உட்காரும், செட்ஜிஐடி தொடாது. சிபி கொடுத்து நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பதே சரி. அதேபோல், பாதி எழுதிய படம் பில்லிங்கில் தெரியக் கூடாது என்றால், தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துப் பெயர் மாற்றும் வேலை முழுவதும் அந்தப் பொது ஃபோல்டருக்குள்ளேயே நடக்க வேண்டும். இரண்டு பைண்ட் மவுண்ட்களுக்கு நடுவே, டிஸ்க் ஒன்றே என்றாலும், பெயர் மாற்றம் நகலெடுப்பாக மாறிவிடும்.

தனி ஃபைல் ஒன்றை மட்டும் பைண்ட் செய்யாதீர்கள். பல எடிட்டர்கள் சேமிக்கும்போது புது ஃபைல் எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கின்றன. கண்டெய்னர் பழைய ஐநோடையே (டிஸ்கில் அந்த ஃபைலைக் குறிக்கும் பதிவு) பிடித்துக்கொண்டு பழைய உள்ளடக்கத்தைக் காட்டும். ஃபோல்டராகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டிசைன்கள் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் இருந்தால் கரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ் போன்ற இடங்களில் இடியோடு மழை பிடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். சர்வர் எழுந்திருக்கும், டிஸ்க் எழுந்திருக்காது. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் 'நோஃபெயில்' போட்டிருந்தால் பூட் நிற்காமல் போய்விடும். கண்டெய்னர் காலி ஃபோல்டரைப் பார்த்து, அதற்கு எழுதும் உரிமை இருந்தால், அதிலேயே எழுதத் தொடங்கும். எழுதுவதெல்லாம் ரூட் டிஸ்கில் போய்ச் சேரும். பிறகு டிஸ்கை மவுண்ட் செய்தால் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும். ரூட் டிஸ்க் நிறைந்திருக்கிறது, ஃபோல்டர்களின் அளவைக் காட்டும் டியூ போட்டால் ஃபைல் எதுவும் தெரியவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தடுக்க: டிஸ்கை அன்மவுண்ட் செய்த நிலையில் காலி மவுண்ட் ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் '+ஐ' (மாற்றவே முடியாதபடி பூட்டுவது) கொடுங்கள். மவுண்ட் வழக்கம்போல் ஏறும். டிஸ்க் இல்லாதபோது மட்டும் எழுத முடியாமல் பிழை வரும். கூடவே ப்ராக்ஸ்மாக்ஸில் கண்டெய்னர்களைக் கிளப்பும் பிவிஇ-கெஸ்ட்ஸ் சர்வீஸுக்கு 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியில் அந்தப் பாதையைச் சேருங்கள். டிஸ்க் வராமல் கண்டெய்னர் எதுவும் பூட்டின்போது தானாகக் கிளம்பாது; பில்லிங்கும் நிற்கும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். ஏற்கெனவே மறைந்துபோனதை எடுக்க, ஹோஸ்டின் ரூட்டை வேறொரு காலி ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து அதன் வழியாகப் பாருங்கள். அடியில் இருப்பது தெரியும்.

டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் இரண்டு கண்டெய்னர்களுக்கு எழுதக் கொடுக்கவே கூடாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் டேட்டா ஃபோல்டரில் ஒரு பிஐடி (ஓடும் ப்ராசஸின் எண்) ஃபைல் வைத்து, இன்னொன்று ஓடுகிறதா என்று பார்க்கும். ஒரு கண்டெய்னரின் பிஐடி மற்றதற்குத் தெரியாது என்பதால் அந்தக் காவல் வேலை செய்யாது. இரண்டும் எழுதும், டேட்டா கெடும். டேட்டா வேண்டுமென்றால் நெட்வொர்க் வழியே கேட்கட்டும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் எடுக்கும்போது பைண்ட் மவுண்டில் உள்ளதை எடுக்காது; பைண்ட் மவுண்ட் உள்ள கண்டெய்னருக்கு ஸ்னாப்ஷாட்டும் (அந்த நொடியின் நிலையை அப்படியே பதிந்து வைப்பது) கிடையாது. பேக்கப் பச்சையாக முடிந்ததாகக் காட்டினாலும் அதில் டிசைன் ஒன்றுகூட இருக்காது. பேக்கப் கண்டெய்னரை ஆர்ஓவில் தனியாக வைத்தது இதற்காகத்தான்: அங்கிருந்து டிசைன் ஃபோல்டரை வேறு டிஸ்குக்கு நகலெடுத்து, மாதம் ஒரு முறையாவது ஒரு கொலுசு டிசைனை அதிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.