பிள்ளை பெற்றவளுக்கு இரத்த சோகை: சத்து மாத்திரை உடம்பில் ஏற வழி

பிரசவமான ஓரிரு நாளில் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. 7-க்குக் கீழே போனாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே போக வேண்டும்.

மற்றவர்களுக்குச் சிவப்பு சத்து மாத்திரை. ஒன்றில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். சோகை இல்லாதவர்களும் தினம் ஒன்று, 180 நாள் போட வேண்டும். சோகை இருந்தால் மருத்துவர் பெரும்பாலும் தினம் இரண்டு எழுதுவார்.

காரியம் கெடுவது போடும் நேரத்தில்தான். காலைக் காப்பியோடு சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பில் நல்ல பங்கு வீண். டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ சத்து மாத்திரை. கால்சியத்தை மதியம், இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் இன்னும் நல்லது. பத்தியத்தில் எலுமிச்சை ஆகாது என்று பாட்டி மறுத்தால் சண்டை வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்; காப்பியை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளுங்கள். ஆனால் தண்ணீரைக் குறைக்கும் பத்தியத்தை ஏற்க வேண்டாம், மலச்சிக்கல் அதனால்தான் முற்றுகிறது. மலம் கறுப்பது இயல்பு. குமட்டினால் நிறுத்தாமல், இரவு சாப்பிட்டபின் போடலாம்; அப்போது இரவுக் கால்சியத்தைக் காலை டிபனோடு மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் குறைவாக ஏறும், அவ்வளவுதான்.

சுறாப்புட்டு, ஈரல், முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடுங்கள். அவை மட்டும் 8-ஐ 12 ஆக்காது.

ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பாருங்கள். குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஒழுங்காக விழுங்கினார்களா, உதிரப்போக்கு தொடர்கிறதா, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு உண்டா (முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும்), பி12 வைட்டமின் குறைவா, தலசீமியா கூறா (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) என்று பார்ப்பார்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அயர்ன் சுக்ரோஸ் ட்ரிப், அதாவது நரம்பு வழியே ஏற்றும் இரும்பு மருந்து. கணக்கு இப்படி: எடை × ஏற வேண்டிய கிராம் × 2.4, அதோடு உடம்பின் இரும்புச் சேமிப்புக்கு 500 மி.கி. 50 கிலோ பெண்ணுக்கு 8-லிருந்து 12 ஆக 980 மி.கி. ஒரு தடவைக்கு 200 வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். மருந்து வெளியே கசிந்தால் பழுப்புக் கறை தோலில் தங்கிவிடும்.

ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டபின்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும், சேமிப்பு அப்போதுதான் நிரம்பும். மாத்திரை அட்டையை மூத்த பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரைகளை விழுங்கினாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.