ஆன்லைன் கடைக்குக் கம்ப்யூட்டர் பாகங்கள்: முதல் மொத்தக் கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபிள் என்று சிறிய அளவில் ஆன்லைனில் விற்கத் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒன்று புரிந்துவிடும். சில்லறையில் வாங்கிச் சில்லறையில் விற்றால் கையில் ஒன்றும் நிற்காது. மொத்தமாக வாங்கியே ஆக வேண்டும். எங்கே, எப்படி என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். நானும் திணறினேன். ஆரம்பத்தில் விலையை மட்டுமே பார்த்து வாங்கினேன். இரண்டாவது லாட்டிலேயே, அதாவது மொத்தமாக வாங்கிய இரண்டாவது சரக்கிலேயே, பலமான அடி விழுந்தது. அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைப் பதிவு, இணையதளம், பணம் வாங்கும் வசதி எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதை வாங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐந்தாறு பொருட்களுக்கு மேல் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டையும் ப்ராசசரையும் முதல் வருடம் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. போட்ட பணம் அதிலேயே முடங்கிவிடும், புது மாடல் வந்தவுடன் கையிருப்பின் மதிப்பும் சரிந்துவிடும். கேபிள், பவர் சப்ளை, எஸ்எஸ்டி, கேபினெட் ஃபேன் போன்றவை தொடக்கத்துக்கு நல்லவை.

ரேம் விற்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் டெஸ்க்டாப் ரேமுக்கு 288 பின்கள்தான். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது போகாது. வாடிக்கையாளர்கள் பின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கிவிட்டு “பொருந்தவில்லை” என்று திருப்பி அனுப்புவார்கள். எம்.2 எஸ்எஸ்டியிலும் இதே கதைதான். சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளும் ஒரே 22க்கு 80 மில்லிமீட்டர் அளவில் வருகின்றன, ஆனால் ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். இந்த வித்தியாசத்தை விற்பனைப் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் ரிட்டர்ன் பாதியாவது குறையும். பழுதே இல்லாத பொருள் திரும்பி வந்தாலும் செலவு உங்களுடையதுதான்.

படி 2: மேலிருந்து கீழே தேடுங்கள்

பெரும்பாலோர் தேடுபொறியில் “மொத்த விலை” என்று போட்டு, முதலில் வந்த ஆளிடம் பேசத் தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். நீங்கள் விற்கப்போகும் பிராண்டின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களின் பட்டியலை அநேகமாக எல்லாப் பிராண்டுகளும் அங்கே வைத்திருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

இன்கிராம் மைக்ரோ, டிடி சினெக்ஸ் போன்ற பெரிய விநியோகஸ்தர்கள் பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். கணக்குத் திறக்கவே ஆவணங்கள் கேட்பார்கள். சிறு கடைக்கு அவர்களிடம் உடனே இடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். “உங்களிடம் வாங்கி என்னைப் போன்ற சிறு கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி யார்?” என்று அவர்களிடமே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி எனக்குப் பல வாரத் தேடலை மிச்சப்படுத்தியது.

எல்லாப் பட்டியலுக்கும் வெளியே, சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் கொடுக்கிறேன் என்று வருகிற ஆளிடம் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் செயல்முறையை மாற்றியபோது கிராபிக்ஸ் கார்டை ஓடவிட்டு நாணயம் சம்பாதிப்பது (மைனிங்) அதில் நின்றுபோனது. இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் அதற்குப் பிறகு சந்தையில் குவிந்தன. துடைத்து, புதுப் பெட்டியில் போட்டுவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

படி 3: கொட்டேஷன் கேட்கும்போதே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்

விலை என்ன என்று மட்டும் கேட்டால் விலை மட்டும்தான் வரும். ஒரே மின்னஞ்சலில் இவ்வளவையும் கேளுங்கள்: பொருள் சில்லறைப் பெட்டியில் வருமா, தனிப் பெட்டி இல்லாமல் தட்டில் (ட்ரே) அடுக்கி வருமா? குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும்? இந்த விலை எத்தனை நாள் செல்லும்? வாரண்டி யாருடையது, தயாரிப்பாளருடையதா உங்களுடையதா? வந்திறங்கும்போதே பழுதாக இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

பெட்டி, ட்ரே வித்தியாசத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெட்டியில் வரும் இன்டெல் ப்ராசசருக்குப் பொதுவாக 3 வருடம் தயாரிப்பாளர் வாரண்டி உண்டு. ட்ரேயில் வருவதற்கு விற்றவர்தான் பொறுப்பு. விற்றவர் ஆறு மாதத்தில் கடையை மூடிவிட்டால் உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரேம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் விலை எப்போது எகிறும் என்று சொல்லவே முடியாது. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்டு டிஸ்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் “விலை எத்தனை நாள் செல்லும்” என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் உங்கள் தளத்தில் விலையைப் போடாதீர்கள்.

படி 4: பழுது சொல்லும் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?

நான் அடிபட்ட இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

40 எஸ்எஸ்டி வாங்கினேன். பழுதாக இருந்தால் 14 நாளுக்குள் மாற்றித் தருவோம் என்று மொத்த வியாபாரி சொல்லியிருந்தார். நல்ல நிபந்தனைதானே என்று நானும் சம்மதித்தேன். சரக்கு வந்தது, பெட்டிகளை எண்ணினேன், அலமாரியில் அடுக்கினேன். ஆர்டர் வர வர அப்படியே சீல் உடைக்காமல் அனுப்பினேன். மூன்றாவது வாரத்திலிருந்து புகார் வரத் தொடங்கியது: பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டிரைவ் தெரியவே இல்லை. ஒன்று, இரண்டு என்று ஏறி, 40இல் 6 அப்படி ஆனது.

வியாபாரியிடம் சொன்னேன். “பில் தேதியைப் பாருங்கள்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. பார்த்தேன். 14 நாள் என்பது பில் போட்ட தேதியிலிருந்து. சரக்கு என் கைக்கு வரவே 6 நாள் ஆகியிருந்தது. ஆக, எனக்கு மிஞ்சியது 8 நாள். அந்த 8 நாளும் சரக்கு அலமாரியில் சும்மா இருந்தது. தயாரிப்பாளர் வாரண்டி இருந்தது உண்மைதான், ஆனால் அந்த வழியில் மாற்றுப் பொருள் வர வாரக்கணக்கில் ஆகும். வாடிக்கையாளர் அதுவரை காத்திருப்பாரா? ஆறு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த லாட்டில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பொருளின் கொள்முதல் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 110க்கு விற்கிறீர்கள். 40 விற்றால் மொத்த லாபம் 400. ஆறு பொருள் செத்துப்போய் மாற்றும் கிடைக்காவிட்டால் அந்த ஆறின் கொள்முதல் 600 போய்விடும், அவற்றில் வரவேண்டிய 60 லாபமும் போய்விடும். மிச்சம் 34 பொருளில் கிடைத்த 340ஐக் கழித்தால் 260 நஷ்டம். கூரியர் செலவை இதில் சேர்க்கவே இல்லை. இதே பொருளை 103க்குக் கொடுத்து, கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் மாற்றித் தரும் வியாபாரி இருந்தால் அவரிடம்தான் நான் வாங்குவேன். 40க்கு 120 கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

எனவே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். கெடு எந்தத் தேதியிலிருந்து, சீல் உடைத்துச் சோதித்தால் மாற்றித் தருவார்களா, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் சரி, வாய்ச்சொல் மட்டும் வேண்டாம்.

படி 5: மாதிரி வாங்குங்கள், ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள்

மாதிரிக்கு இரண்டு மூன்று வாங்கிப் பார்ப்பது அவசியம். ஆனால் மாதிரியில் இருந்த அதே உள்பாகம் லாட்டிலும் இருக்கும் என்று உறுதியில்லை. எஸ்எஸ்டியில் மாடல் பெயர் மாறாமலேயே உள்ளே இருக்கும் கன்ட்ரோலரும் ஃப்ளாஷ் சிப்பும் மாறும். பெரிய பிராண்டுகளிலும் இது நடந்திருக்கிறது. அதனால் மாதிரியின் ஃபர்ம்வேர் எண்ணை (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளின் பதிப்பு எண்) குறித்து வைத்துக்கொண்டு, லாட் வந்ததும் ஒப்பிடுங்கள்.

படி 6: லாட் வந்த அன்றே சோதனை

எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. பத்துக்கு ஒன்று என்று எடுங்கள், குறைந்தது மூன்று பொருளாவது இருக்கட்டும். அதில் ஒன்று பழுதானாலும் மொத்த லாட்டையும் சோதியுங்கள்.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டிக்கு விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டும் இலவசம். போலி டிரைவ் 1 டெராபைட் என்று காட்டும், உள்ளே அதில் சிறு பங்குதான் இருக்கும். ஃபார்மட் செய்தால் ஒன்றும் தெரியாது. இந்த மென்பொருள்கள் முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் எடுக்கும்: விநாடிக்கு 10 மெகாபைட் எழுதும் 64 ஜிபி பென் டிரைவுக்கு எழுதவே ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஹார்டு டிஸ்கின் நிலையைக் காட்டும் மென்பொருள்களில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நான் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைத்தான் நம்புகிறேன். காரணம் உண்டு. 2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் ஐரோப்பாவில் புதியவையாக விற்கப்பட்டது வெளியே வந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் பதிவில் ஓடிய நேரத்தை யாரோ அழித்திருந்தார்கள். அதே டிஸ்கில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு, அதில் உண்மையான நேரம் அப்படியே இருந்தது. ஸ்மார்ட்சிடிஎல் அந்தப் பதிவையும் படிக்கும். இரண்டு எண்களும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிபியு-இசட் என்ற மென்பொருள். பழைய சிப்பில் புது மாடல் பெயரை ஏற்றிய போலி என்விடியா கார்டுகளை 2018 முதல் அது பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டிவிடுகிறது. ரேமுக்கு மெம்டெஸ்ட்86, முழுதாக ஒரு சுற்று.

மதர்போர்டு வந்தால் ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, நல்ல வெளிச்சத்தில் பின்களைப் புகைப்படம் எடுங்கள். ஏதாவது ஒரு பின் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் வேறு மாதிரி மின்னும். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடி இல்லாமல் வாரண்டிக்கு அனுப்பினால் ஏற்க மறுக்கலாம், வழியில் பின் வளையவும் வாய்ப்பு அதிகம்.

படி 7: பணம்

முதல் ஆர்டரைச் சிறிதாக, கார்டு போல முறையிட வழியுள்ள முறையில் கட்டுங்கள். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் போன் செய்து குரலில் உறுதி செய்யாமல் அனுப்பவே கூடாது. வியாபாரியின் மின்னஞ்சலுக்குள் புகுந்து இப்படி ஏமாற்றுவது நெடுநாளாக நடக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்தைப் பாருங்கள். இஎக்ஸ்டபிள்யூ என்றால் அவர்கள் வாசலிலிருந்து உங்கள் வாசல் வரை எல்லாச் செலவும் உங்களுடையது. டிடிபி என்றால் வரி உட்பட அவர்களுடையது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

பின்னர் சேர்த்தது: சீரியல் நம்பர்

இதைப் படித்த ஒருவர், வாடிக்கையாளர் புதியதை வைத்துக்கொண்டு தன் பழைய டிரைவைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தார். எனக்கு இது உறைத்தது, ஏனென்றால் சீரியல் நம்பர் குறிப்பதை நான் எழுதவே இல்லை. சரக்கு வரும்போது ஒரு முறை, அனுப்பும்போது ஆர்டர் எண்ணோடு ஒரு முறை, ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் ஸ்கேன் செய்யுங்கள். பணம் கொடுத்து ஸ்டாக் மென்பொருள் வாங்க வேண்டாம். சில நூறு பொருள் வரை சாதாரண எக்ஸெல் தாளே போதும்.

மீண்டும் சேர்த்தது

இன்னொருவர் அப்படியே செய்து, 30 வரிசையிலும் ஒரே எண் வந்திருக்கிறதே என்று கேட்டிருந்தார். பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்கோடு இருக்கும். 13 இலக்கத்தில் இருப்பது பொருளின் எண், அந்த மாடல் பெட்டி எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். எஸ், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சீரியல் நம்பர். ஸ்கேனர் எது முன்னால் தெரிகிறதோ அதைப் படித்துவிடும், அதனால் மற்றவற்றை விரலால் மறைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யுங்கள். எக்ஸெலில் சீரியல் நம்பர் இருக்கும் நெடுவரிசையை, ஒரே எண் இரண்டு முறை வந்தால் சிவப்பாகும்படி அமைத்துவிட்டால், இரண்டாவது பெட்டியிலேயே தெரிந்துவிடும்.